நர்சிங் முதல் ஆண்டில் வரும் கோட்பாடு, அறநெறி, தரநிலை: மூன்றும் எதற்கு?

ஒரு வார்டில் நர்ஸ் தனியாக டூட்டி பார்த்துக்கொண்டிருக்கிறார். போன் அடிக்கிறது. முன்பின் பார்த்திராத ஒரு டாக்டர் பேசுகிறார்: இன்ன நோயாளிக்கு அஸ்ட்ரோட்டன் என்ற மருந்தை 20 மில்லிகிராம் கொடுத்துவிடுங்கள், நான் கொஞ்ச நேரத்தில் வந்து கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். மருந்துப் பெட்டியின் லேபிளில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 10 மில்லிகிராம்தான் என்று அச்சடித்திருக்கிறது. அந்த வார்டில் கொடுக்க அனுமதியுள்ள மருந்துகளின் பட்டியலில் அது இல்லை. போனில் மருந்து உத்தரவு வாங்கக் கூடாது என்று விதியும் இருக்கிறது.

1966இல் சார்லஸ் ஹோஃப்லிங் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவும் வெளியிட்ட ஆய்வு இது. போனில் பேசியது ஆய்வுக் குழுவின் ஆள், பெட்டிக்குள் இருந்தது வெறும் சர்க்கரை. 22 நர்ஸ்களில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள், இடையில் நிறுத்தி விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. இதே நிலைமையைத் தாளில் எழுதி 21 நர்சிங் மாணவர்களிடம் கேட்டார்கள். ஒருவர் விடாமல் எல்லோரும் 'கொடுக்க மாட்டோம்' என்றார்கள்.

ஆக, எது சரி என்பது தெரியாமல் இல்லை. வகுப்பில் தெரிந்தது வார்டில் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். முதல் ஆண்டுப் பாடத்தில் கோட்பாடு, அறநெறி, தரநிலை என்று மூன்று தனித்தனி அத்தியாயங்களாக வந்து, பரீட்சைக்கு மனப்பாடம் செய்து, பிறகு மறந்துபோகிற விஷயங்கள் எல்லாம் இந்த இடைவெளியை அடைக்கத்தான். நான் பார்த்தவரை இவற்றைத் தனித்தனியாகப் படிப்பதுதான் பிரச்சினையே. ஒரே நோயாளியின் பக்கத்தில் நின்றுகொண்டு நர்ஸ் கேட்டுக்கொள்ள வேண்டிய மூன்று கேள்விகள் இவை: இவரிடம் நான் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? நான் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்? எந்த அளவுக்குக் கீழே என் வேலை இறங்கக் கூடாது? முதலாவது கோட்பாடு, இரண்டாவது அறநெறி, மூன்றாவது தரநிலை.

கோட்பாடு என்றால் பயப்பட வேண்டாம்

நர்சிங் கோட்பாடுகள் எல்லாமே நான்கு விஷயங்களைச் சுற்றித்தான் பேசுகின்றன: மனிதர், ஆரோக்கியம், சூழல், செவிலியப் பணி. ஒவ்வொரு கோட்பாட்டாளரும் இந்த நான்கில் எதற்கு அழுத்தம் கொடுக்கிறார் என்று பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் சூழலைப் பிடித்துக்கொண்டார். 1854இல் கிரிமியப் போரின்போது ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். அங்கே வீரர்கள் காயத்தால் செத்ததைவிட நோய்த்தொற்றால் செத்ததுதான் அதிகம். சுத்தமான காற்று, வெளிச்சம், சுத்தம், சத்தமில்லாமை, சரியான உணவு: இவற்றை ஒழுங்குபடுத்திக் கொடுத்தால் உடம்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்பது அவருடைய அடிப்படை. 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. கையில் விளக்கோடு நிற்கும் படம்தான் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் புள்ளிவிவரத்தில் கெட்டிக்காரர், ராணுவ மரணங்களை வட்ட வரைபடமாகப் போட்டு அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே நீட்டியவர் என்பதைப் பாடப்புத்தகங்கள் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லலாம்.

எனக்கு மிகவும் பிடித்தவர் வர்ஜினியா ஹென்டர்சன். நர்ஸின் தனிப்பட்ட வேலை என்ன என்ற கேள்விக்கு அவர் கொடுத்த பதில் இன்றைக்கும் அசைக்க முடியாதது. ஒருவருக்குப் பலமோ மனவுறுதியோ அறிவோ இருந்திருந்தால் தானே செய்துகொண்டிருக்கக்கூடியவற்றை அவருக்காகச் செய்வது, அதுவும் அவர் எவ்வளவு சீக்கிரம் தன் காலில் நிற்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் நிற்கும்படி செய்வது. நிம்மதியான மரணத்துக்குத் துணை நிற்பதையும் அதே வரையறைக்குள் கொண்டுவந்தார். மூச்சு விடுவது, சாப்பிடுவது, கழிவு வெளியேறுவது தொடங்கி வழிபாடு, பொழுதுபோக்கு, கற்றுக்கொள்வது வரை 14 தேவைகளை வரிசைப்படுத்தினார். இந்த 14ஐப் பரீட்சைக்காக உருப்போடுவதைவிட, ஒரு நோயாளியை மனதில் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள், தானாக நிற்கும்.

டொரோத்தியா ஓரெம் அதே திசையில் இன்னொரு அடி எடுத்து வைத்தார். மனிதர்கள் தங்களைத் தாங்களே கவனித்துக்கொள்கிறவர்கள், அந்தத் திறனுக்கும் தேவைக்கும் நடுவில் பள்ளம் விழும்போதுதான் நர்ஸ் தேவைப்படுகிறார் என்றார். முழுவதும் நாம் செய்வது, பாதி நாம் பாதி அவர், சொல்லிக்கொடுத்து ஆதரவாக நிற்பது என்று மூன்று நிலைகள். ஹில்டகார்ட் பெப்லோ 1952இலேயே நர்ஸுக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சையின் பகுதி என்று எழுதிவிட்டார். மெடலைன் லைனிங்கர் மானுடவியலும் படித்தவர். ஒருவருடைய பண்பாடு தெரியாமல் அவரைக் கவனித்துக்கொள்ள முடியாது என்றார். கலிஸ்டா ராய் மாற்றங்களுக்கு மனிதர் எப்படித் தகவமைந்துகொள்கிறார் என்பதைப் பார்த்தார். ஜீன் வாட்சன் மனிதப் பரிவைக் கோட்பாட்டின் நடுவில் வைத்தார். இன்னும் பலர் இருக்கிறார்கள், எல்லோரையும் இங்கே இழுத்துவந்தால் உங்களுக்குத் தலை சுற்றும்.

"இதில் எது சரி?" என்று மாணவர்கள் கேட்பார்கள். ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடிக்கிறார், அவ்வளவுதான். ஒரு நோயாளியை வைத்துப் பார்த்தால் தெளிவாகும்.

ஒரு படுக்கை, ஒரு நோயாளி

கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் செயலிழந்தவர், வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தானாகப் புரண்டு படுக்க முடியாது, எனவே குறிப்பிட்ட இடைவெளியில் அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்று பராமரிப்புத் திட்டத்தில் இருக்கிறது. நீங்கள் போகிறீர்கள். "வேண்டாம், என்னை விட்டுருங்க சிஸ்டர்" என்கிறார். மூன்றாவது தடவையாக.

முதலில் தோலைப் பாருங்கள். இடுப்பின் பின்பக்கம், குதிகால், முழங்கை. சிவந்திருந்தால் விரலால் லேசாக அழுத்தி எடுக்க வேண்டும். வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது, அழுத்தியும் வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் இந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமலே போகலாம், அங்கே சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ கொழகொழப்பாகவோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். அப்புறம் படுக்கைப் புண் வரும் ஆபத்தை அளக்கும் பிரேடன் அளவுகோல்: உணர்வு, ஈரப்பதம், நடமாட்டம், அசையும் திறன், ஊட்டம், உராய்வு என்று ஆறு அம்சங்களுக்கு மதிப்பெண், மொத்தம் 6இலிருந்து 23 வரை, எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு ஆபத்து. இது தரநிலையின் பகுதி. உங்களுக்கு மனசு வந்தால் பார்ப்பது என்பதல்ல, யார் டூட்டியில் இருந்தாலும் பார்த்தாக வேண்டும்.

இனி அவர் ஏன் வேண்டாம் என்கிறார்? இங்கேதான் கோட்பாடுகள் வேலைக்கு வருகின்றன. ஓரெம் வழியில் பார்த்தால் அவருடைய வலது கை நன்றாக இருக்கிறதே, கட்டிலின் பக்கக் கம்பியைப் பிடித்து அவரே பாதித் திருப்பத்தைச் செய்ய முடியாதா, நாம் ஏன் மூட்டையைப் புரட்டுவது மாதிரி புரட்டுகிறோம் என்ற கேள்வி வரும். லைனிங்கரை நினைத்தால், அறிமுகமில்லாத ஒருவர் முன்னால் உடை விலகுவது அவருக்குக் கூச்சமாக இருக்கிறதா, திரையை இழுத்தோமா என்று யோசிப்பீர்கள். பெப்லோ வழியில், இந்த மூன்று தடவையும் ஒரே நர்ஸ் போனாரா, பெயரைச் சொன்னாரா, என்ன செய்யப் போகிறோம் என்று விளக்கினாரா என்று கேட்பீர்கள். ஒருவேளை காரணம் ரொம்பச் சாதாரணமாக இருக்கலாம்: திருப்பும்போது யாரோ இடது கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள், தோள்பட்டை உயிர் போகிற மாதிரி வலிக்கிறது. பக்கவாத நோயாளிகளுக்குச் செயலிழந்த பக்கத்துத் தோள்வலி அடிக்கடி வரும். அப்படியானால் எழுதிக்கொடுத்திருக்கும் வலி மருந்தை முன்கூட்டியே கொடுத்து, அது வேலை செய்யத் தொடங்கியபின், கையைத் தலையணையால் தாங்கி, முழுப் பக்கவாட்டில் இல்லாமல் சுமார் 30 டிகிரி மட்டும் சாய்த்தால் ஒத்துக்கொள்ளக்கூடும்.

சரி, எல்லாம் செய்தும் அவர் வேண்டாம் என்றால்? இப்போது அறநெறி.

நான்கு கொள்கைகள், ஒன்றோடொன்று மோதும்போது

1979இல் பொசாம்ப், சில்ட்ரெஸ் என்ற இருவர் எழுதிய உயிரியல் மருத்துவ அறநெறி நூலில் இருந்து வந்த நான்கு கொள்கைகளைத்தான் இன்று நர்சிங் கல்வியிலும் முதலில் சொல்லித்தருகிறார்கள்: தன்னாட்சி (தன்னைப் பற்றிய முடிவைத் தானே எடுக்கும் உரிமை), நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி. இவற்றோடு உண்மை பேசுதல், சொன்ன சொல் காத்தல், ரகசியம் காத்தல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்வார்கள்.

பட்டியலாகப் படிக்கும்போது எல்லாமே நல்லதாகத் தெரியும், யாரும் மறுக்க மாட்டார்கள். மோதும்போதுதான் அறநெறி ஆரம்பிக்கிறது. நம் நோயாளிக்குத் தன் உடம்பைத் தொட வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருக்கிறது. தொடாமல் விட்டால் புண் வரும், தொற்று வரும், அதுவும் நமக்குத் தெரியும். இங்கே அவசரப்பட்டு 'உரிமை அவருடையது, நான் போகிறேன்' என்று நடையைக் கட்டுவதும் தப்பு, 'அவர் நன்மைக்குத்தான்' என்று நாலு பேர் பிடித்துத் திருப்புவதும் தப்பு. முதலில் பார்க்க வேண்டியது, முடிவெடுக்கும் திறன் அவருக்கு இப்போது இருக்கிறதா என்பது. இடது பக்கம் செயலிழந்திருந்தால் மூளையின் வலது பக்கம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்த வகைப் பாதிப்பில் சிலருக்குத் தன் உடம்பின் ஒரு பக்கம் இருப்பதே கவனத்துக்கு வராது, சிலர் தனக்குப் பக்கவாதம் என்பதையே உணர மாட்டார்கள். 'எனக்கு ஒன்றும் இல்லை, நானே புரண்டு படுத்துக்கொள்வேன்' என்று அவர் சொன்னால், அது விவரம் தெரிந்து எடுத்த முடிவுதானா? திருப்பாவிட்டால் என்ன ஆகும் என்று விளக்கிவிட்டு, அதை அவர் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். புரிந்துகொண்டுதான் மறுக்கிறார் என்றால் அதை மதிக்க வேண்டும், மதித்துவிட்டு அடுத்த முறை மீண்டும் கேட்க வேண்டும். ஒரு தடவை வேண்டாம் என்றது எல்லாத் தடவைக்குமான வேண்டாம் கிடையாது. புரியவில்லை என்று தோன்றினால் டாக்டருக்கும் பொறுப்பில் உள்ள நர்ஸுக்கும் சொல்லி, திறனை முறையாக மதிப்பிடச் செய்ய வேண்டும், நீங்களே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

யாருக்குப் பதில் சொல்வது என்ற கேள்விக்கு வருவோம், ஏனென்றால் அதற்கான பதில் காலத்தோடு மாறியிருக்கிறது. பட்டமளிப்பில் பலரும் எடுத்துக்கொள்ளும் நைட்டிங்கேல் உறுதிமொழியை எழுதியது நைட்டிங்கேல் இல்லை; 1893இல் டெட்ராய்டில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையிலான குழு அவரைக் கௌரவித்து எழுதியது. அதில் மருத்துவரின் பணிக்கு விசுவாசத்துடன் உதவுவேன் என்று வரும். உலகச் செவிலியர் கவுன்சில் 1899இல் தொடங்கியது, அதன் முதல் அறநெறிக் கோவை 1953இல் வந்தது. அதிலும் டாக்டரின் உத்தரவை அறிவோடும் விசுவாசத்தோடும் நிறைவேற்ற வேண்டும் என்றிருந்தது, அறநெறிக்கு மாறான காரியங்களில் பங்கேற்க மறுக்க வேண்டும் என்ற வரியும் கூடவே இருந்தது. முதல் பாதிதான் பழக்கத்தில் ஊறியது. ஹோஃப்லிங் ஆய்வில் 21 பேர் நடந்துகொண்ட விதத்தை அவர்களுடைய தனிப்பட்ட பலவீனமாக நான் பார்க்க மாட்டேன், கீழ்ப்படிவதே ஒழுக்கம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்ததன் விளைவு அது. 1973இல் கோவையைத் திருத்தியபோது நர்ஸின் முதன்மைப் பொறுப்பு பராமரிப்பு தேவைப்படும் மக்களிடம் என்று எழுதினார்கள். டாக்டரிடம் அல்ல, நிர்வாகத்திடமும் அல்ல. அந்த இடம் இன்றுவரை மாறவில்லை. 2021 திருத்தத்தில் உலக ஆரோக்கியமும் நர்ஸின் பொறுப்புகளில் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது.

1977இல் வேறு இருவர் ஹோஃப்லிங் ஆய்வு மாதிரியே ஓர் ஆய்வைச் செய்தார்கள். இந்தத் தடவை நர்ஸ்களுக்கு நன்றாகத் தெரிந்த மருந்து, பக்கத்தில் இருக்கும் சக நர்ஸிடம் கேட்கவும் வாய்ப்பு இருந்தது. அதிக டோஸைக் கொடுக்கப் பெரும்பாலானவர்கள் முன்வரவில்லை. எனவே மனத்திடம் மட்டும் போதாது, மருந்தைப் பற்றிய அறிவும் கேட்டுத் தெளிய ஓர் ஆளும் வேண்டும். புதிதாக டூட்டிக்கு வருபவரைத் தனியாக விட்டுவிட்டு 'ஏன் கேள்வி கேட்கவில்லை' என்று திட்டும் சீனியர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சில சமயம் எது சரி என்று தெரியும், ஆட்பற்றாக்குறையோ மேலிடமோ செய்யவிடாது. அந்த மன வேதனைக்கு ஆண்ட்ரூ ஜேமிட்டன் என்ற தத்துவ அறிஞர் 1984இல் அறநெறித் துயரம் என்று பெயர் வைத்தார். இது உங்களுக்கு வந்தால் நீங்கள் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கு மனசாட்சி வேலை செய்கிறது என்றுதான் பொருள். உள்ளே வைத்துப் புழுங்காமல் யாரிடமாவது பேசுங்கள்.

தரநிலை: யார் வந்து பார்த்தாலும் தெரிய வேண்டியது

தரநிலை என்பது நல்லெண்ணத்தை வெளியே தெரியும்படி செய்வது. நாடு முழுவதற்கும் நர்ஸ்களைப் பதிவுசெய்யத் தனிச் சட்டம் முதலில் கொண்டுவந்தது நியூசிலாந்து, 1901இல். அதன்பின் ஒவ்வொரு நாட்டிலும் பதிவு, பாடத்திட்டம், பணி எல்லை என்று வந்தன. பணி எல்லை முக்கியம்: உங்களுக்குப் பயிற்சியும் அனுமதியும் இல்லாத காரியத்தை டாக்டரே சொன்னாலும் செய்யக் கூடாது, செய்துவிட்டு 'அவர் சொன்னார்' என்பது பதிலாகாது.

வேலையின் வரிசைக்கும் தரநிலை உண்டு: மதிப்பிடுவது, செவிலியப் பிரச்சினையை அடையாளம் காண்பது, திட்டமிடுவது, செயல்படுத்துவது, விளைவைப் பார்ப்பது. கடைசியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வலி மருந்து கொடுத்தாயிற்று என்று எழுதுவார்கள், வலி குறைந்ததா என்று திரும்பிப் போய்க் கேட்டதை எழுத மாட்டார்கள். மருந்துக்குச் சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்து சரிபார்ப்புகள் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

பதிவு எழுதுவதைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நோயாளியைப் பற்றி 'ஒத்துழைக்கவில்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதினால் அடுத்த ஷிஃப்ட் நர்ஸுக்கு ஒரு விவரமும் கிடைக்காது, அவர் மீது ஒரு முத்திரை மட்டும் விழும். இப்படி எழுதிப் பாருங்கள்: 'காலை 10 மணி. திருப்பிப் படுக்கவைக்க மறுத்தார், இடது தோள் வலிக்கிறது என்றார், வலி பத்துக்கு ஏழு. படுக்கைப் புண் ஆபத்து விளக்கப்பட்டது, தன் வார்த்தையில் திருப்பிச் சொன்னார். இடுப்பின் பின்பக்கத் தோலில் மாற்றம் இல்லை. டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது. வலி மருந்துக்குப் பின் 10.45க்கு மீண்டும் கேட்கப்பட்டது, தலையணை தாங்கலுடன் 30 டிகிரி வலப்பக்கம் சாய்க்க ஒத்துக்கொண்டார்.' இதில் கோட்பாடு என்ற சொல்லும் இல்லை, அறநெறி என்ற சொல்லும் இல்லை. இரண்டும் வரிக்கு வரி இருக்கின்றன.

ஆரம்பத்தில் இதெல்லாம் தானாக வராது. பட்ரிஷியா பென்னர் 1984இல் நர்ஸ்கள் ஐந்து படிகளில் வளர்கிறார்கள் என்று எழுதினார்: புதியவர், முன்னேறிய தொடக்கநிலையாளர், தகுதி பெற்றவர், திறமையாளர், வல்லுநர். புதியவருக்கு விதிதான் துணை, ஏனென்றால் எது முக்கியம் எது இல்லை என்று பிரித்துப் பார்க்க அவரிடம் அனுபவம் இல்லை. வல்லுநர் வாசலில் நின்று பார்த்தவுடனே 'ஏதோ சரியில்லை' என்பார், காரணம் கேட்டால் உடனே சொல்லத் தெரியாது. அந்த உள்ளுணர்வை நான் மதிக்கிறேன், பல உயிர்களைக் காப்பாற்றுவது அதுதான். ஆனால் 'ஏதோ சரியில்லை' என்று மட்டும் டாக்டருக்குப் போன் செய்தால் அவர் எழுந்து வர மாட்டார். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, நினைவு நிலை எல்லாவற்றையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, இப்போது என்ன நடக்கிறது, இவருடைய பின்னணி என்ன, என் மதிப்பீடு என்ன, உங்களிடம் எனக்கு என்ன வேண்டும் என்று இந்த வரிசையில் பேசுங்கள். போனில் உத்தரவு வாங்க உங்கள் மருத்துவமனை விதி அனுமதித்தால், அவர் சொல்லும் உத்தரவை எழுதிக்கொண்டு அப்படியே திருப்பி வாசித்துக் காட்டுங்கள். அளவு பொருந்தவில்லை என்றால் "லேபிளில் வேறு அளவு போட்டிருக்கிறது டாக்டர், நீங்கள் வந்து பார்க்கும் வரை நான் கொடுக்கவில்லை" என்று சொல்லலாம், இந்த வாக்கியத்தைத் தனியாக இருக்கும்போது சத்தம் போட்டு ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.